கோடியக்கரை மட்டக்குதிரைகளும் மேய்ச்சல் தரைப் புழுக்களும்

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேரே தெற்கு நோக்கி வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனையில் அமைந்தது கோடியக்கரை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கிழக்கு மூலையாகிய இவ்விடம் 1991-ஆம் வருஷம் முதல் நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்ததாயிற்று. ஒரு பக்கம் வேதாரணியத்து உப்பளங்கள். மேற்கே முத்துப்பேட்டை வரையில் நீண்டு செல்லும் சதுப்பு. இடையே உலர்ந்த பசுமைக் காடும், அதனைச் சார்ந்த திறந்த புற்றரையும். இப்புற்றரையில் வாழும் வெளிமான்களைக் காக்கும் பொருட்டே 1967-ல் இங்குச் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2002-ல் இந்நீர்ப்பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென ஏற்கப்பட்டது.

புள்ளிமானை நீக்கிக் கணக்கிட்டால், இப்புல்லை நம்பி வாழ்வன மூன்று இனங்கள். தொன்றுதொட்டு இத்தரைக்கு உரியது வெளிமான். காட்டோரத்தில் மேயவருவது கிராமத்து மாடு. மூன்றாவது, ஒருவருக்கும் உடைமையில்லாமல் காட்டிலேயே பிறந்து காட்டிலேயே மடியும் மட்டக்குதிரை. குதிரை மேய்ந்து லத்தியிட்ட தரையில் மாடு வாய்வைத்தால் அதன் புழு மாட்டுக்கும் தொற்றுமோ என்னும் ஐயம் கால்நடை வைத்திருப்போருக்கு எழுவது இயல்பே. இவ்விஷயத்தில் விஞ்ஞான சாஸ்திரம் கூறும் விடை, எதிர்பார்ப்பதற்குச் சற்று மாறானது. ஆகையால் அதனைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகிறது.

குதிரை தென்னாட்டுக்கு உரிய விலங்கன்று. கடல்வழியே மரக்கலங்களில் வந்திறங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறக்குமதியானதையும், அவற்றைப் பேணத் தெரியாமையால் பெரும்பாலானவை மாண்டதையும் குறித்துவைத்துள்ளார். அவ்வாறு மாண்ட சாதிக்கு நேர்மாறாக, கோடியக்கரையின் மட்டக்குதிரைகள் லாயமும் கொள்ளும் இலாடமும் இன்றிக் காட்டில் பெருகியுள்ளன. வீட்டுக் குதிரையின் வழிவந்து காட்டில் நிலைத்த இத்தகைய மந்தைகள் இந்தியாவில் அரியவை. அஸ்ஸாமிலுள்ள திப்ரு-சைகோவா காட்டில் மற்றொன்று உண்டு. மாயூரத்தை அடுத்த மன்னம்பந்தல் ஏ. வி. சி. கல்லூரியின் விலங்கியல் ஆராய்ச்சியாளர், கோடியக்கரை வெளிமான்களுக்கு நேர்ந்துள்ள இடர்களில் சீமைக்கருவேலின் பரவலையும் மட்டக்குதிரைகளின் மேய்ச்சலையும் சேர்த்து எழுதியுள்ளனர்.

ஒரு பிராணி புதிய தேசத்துக்குச் செல்லும்போது அதன் வயிற்றிலுள்ள புழுக்களும் கூடவே செல்கின்றன. ஆயினும் எல்லாப் புழுவும் அங்கு நிலைப்பதில்லை. நத்தையோ பூச்சியோ இடையில் தங்கவேண்டிய புழு, அந்நத்தையோ பூச்சியோ இல்லாத நாட்டில் வம்சமற்றுப் போகும். குதிரையின் முக்கியமான குடற்புழுக்களோ இடைத்தங்கல் வேண்டாதவை. லத்தியுடன் வெளிப்படும் முட்டை புல்லடியிலேயே பொரிந்து, புல்லோடு திரும்பவும் குதிரையின் வாய்க்குள் செல்லும். ஆதலின் குதிரை சென்ற தேசமெல்லாம் அவையும் சென்றன.

அவற்றுள் கொடியது ஸ்ட்ராஞ்சைலஸ் வல்காரிஸ் எனப்படுவது. வளர்ந்த புழு ஓர் அங்குல நீளங்கூட இராது. பெருங்குடலின் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். இதனால் விளையும் தீங்கைவிட அதன் குஞ்சுகளால் விளையும் தீங்கே பெரிது. புல்லோடு விழுங்கப்பட்ட குஞ்சு குடற்சுவரைத் துளைத்து, குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனிக்குள் ஏறி, அங்கே சில மாதங்கள் தங்கும். தமனியின் சுவர் தடித்து, உள்ளே இரத்தம் கட்டிப்பட்டு, குடலின் ஒரு பகுதிக்கு இரத்தமே செல்லாமற்போக, குதிரை சூலை கண்டு புரண்டு மாளும். உட்சென்ற குஞ்சு முட்டையிடும் பருவம் எய்த ஆறேழு மாதம் ஆகிறது. இதனினும் சிறிய மற்றொரு கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருங்குடலின் சுவருக்குள் கூடுகட்டிக் கிடக்கும். நன்றாய் மேய்ந்து திரியும் குதிரையிலும் இவை இருக்கும். வெளியே ஒரு குறியும் தோன்றாது. குட்டிகளைப் பற்றுவது பாராஸ்காரிஸ் என்னும் உருண்டைப் புழு. வெண்மையாய், ஓரடிக்கு மேலும் வளர்வது. இதன் முட்டை தடித்த ஓடுடையதாகையால் மண்ணில் வருஷக்கணக்கில் கெடாதிருக்கும். குட்டி ஒரு வயதைக் கடந்தபின் தானே இதனை எதிர்க்கும் வலிமை பெறுகிறது.

வீட்டுக் குதிரைக்கு மருந்து உண்டு. காட்டுக் குதிரைக்கு இல்லை. அங்கே வலியது பிழைக்கும், மெலிந்தது வீழும். அதனால் காட்டு மந்தையில் புழு ஒருநாளும் அற்றுப்போவதில்லை. மழைக்காலத்தில் தாழ்நிலங்களில் நீர் தேங்கப் பிராணிகள் மேட்டில் நெருங்குகின்றன. கோடையில் நன்னீர்க் குட்டைகள் வற்ற, மிஞ்சிய குட்டையைச் சுற்றி நெருங்குகின்றன. நெருக்கம் மிகுந்த இடத்தில் லத்தியும் மிகும், புழுவும் மிகும்.

இனி, இப்புழுக்கள் மாட்டைப் பற்றுமா என்பதே கேள்வி. பற்றா. மேலே கூறிய மூன்றும் குதிரை இனத்துக்கே உரியவை. மாடோ மானோ இவற்றின் குஞ்சுகளை விழுங்கினால், அக்குஞ்சுகள் வளரமாட்டாமல் அழிந்துபோகின்றன. குதிரைக்கும் அசைபோடும் பிராணிகளுக்கும் இரைப்பையின் அமைப்பும் குடலின் தன்மையும் வேறாயிருப்பதால் அவற்றின் புழுக்களும் வேறாயின. விதிவிலக்காகக் குறிப்பிடத்தக்கது டிரைகோஸ்ட்ராஞ்சைலஸ் ஆக்ஸி என்னும் மயிரிழை போன்ற சிறு புழு. இது குதிரையின் இரைப்பையிலும், மாடு, ஆடு, மான்களின் நான்காம் இரைப்பையிலும் ஒருங்கே வாழவல்லது.

மாறாக, மாட்டிலிருந்து குதிரைக்குச் செல்லும் கேடு ஒன்று உண்டு. அதனைப் பலர் அறியார். செட்டேரியா டிஜிடேட்டா என்னும் நூற்புழு மாட்டின் வயிற்றறையில் குடலுக்கு வெளியே கிடக்கும். மாட்டுக்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. இதன் நுண்குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் திரிய, கொசு கடித்து உறிஞ்சிப் பிறிதொரு பிராணிக்குச் செலுத்தும். குதிரையிலோ ஆட்டிலோ புகுந்த குஞ்சு வழிதவறி முதுகுத்தண்டுக்குள் செல்லும். பின்கால்கள் தள்ளாடி, இடுப்பு விழுந்து, பிராணி எழமாட்டாமற் கிடக்கும். வடநாட்டார் கும்ரி என்று கூறும் இடுப்புவாதம் இதுவே. குதிரையின் கண்ணுக்குள் வெண்ணூல்போல் நெளியும் புழுவும் பெரும்பாலும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நெல்வயலும் கொசுவும் நிறைந்த காவிரிக் கடைமடையில், மாட்டை அண்டி வாழும் குதிரைக்கு இவ்வபாயம் இல்லையென்று சொல்வதற்கில்லை.

புறத்தேயிருந்து வந்த விலங்கின் புழு உள்நாட்டுப் பிராணியை அழித்த உதாரணங்கள் வேறு தேசங்களில் உண்டு. இத்தாலி தேசத்து அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல், டூரின் நகருக்கருகே லா மாண்ட்ரியா என்னும் தம் வேட்டைக் காட்டில் விடும்பொருட்டு 1865-ல் அமெரிக்காவிலிருந்து பெருமான்களை வருவித்தார். அவற்றின் ஈரலில் பெருந்தட்டைப்புழு ஒன்று ஒளிந்து வந்தது. அந்நாட்டு நத்தையிலும் அதற்கு இடங்கிடைக்கவே, உள்ளூர் மான்கள் மடியலாயின. 1875-ல் பாஸி என்னும் பண்டிதர் அப்புழுவை ஆராய்ந்து பெயரிட்டார். அமெரிக்க மானுக்குப் பழகிப்போன புழு, பழகாத மானுக்கும் ஆட்டுக்கும் எமனாய் முடிந்தது. ஜெர்மனியில் 1934-ல் ஹெஸ்ஸே பிரதேசத்தின் ஏடர் ஏரிக்கரையில் விடப்பட்ட ராக்கூன் என்னும் அமெரிக்க விலங்கு அத்தேசமெங்கும் பெருகியபோது, அதன் உருண்டைப் புழுவும் கூடவே பெருகிற்று. அதன் முட்டை மனிதர் வயிற்றுட் சென்றால் குஞ்சுகள் மூளைவரை செல்லக்கூடும். இவ்விரண்டிலும் வந்த பிராணிக்கும் இருந்த பிராணிக்கும் இடையே புழுவுக்குப் பாலம் அகப்பட்டது. மட்டக்குதிரைக்கும் வெளிமானுக்கும் நடுவே அத்தகைய பாலம் மிகக் குறுகியது.

அப்படியானால் மட்டக்குதிரையால் புழுத்தொல்லை ஒன்றுமே இல்லையா? உண்டு, அது வருவது லத்தியினாலன்று, பல்லினால். குதிரைக்கு மேல்வாயிலும் கீழ்வாயிலும் முன்பற்கள் உள்ளன. கத்தரிக்கோல் வெட்டுவதுபோலப் புல்லைத் தரையோடு ஒட்ட நறுக்கும். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லாமையால் நாவால் சுற்றி இழுத்தே மேயும். அதற்கு ஓரளவு உயர்ந்த புல் வேண்டும். அன்றியும் குதிரை அசைபோடுவதில்லை. உண்டது விரைவாய்க் கழிந்துவிடுவதால், பகலும் இரவுமாக நெடுநேரம் மேய்ந்து தீரவேண்டியிருக்கிறது. ஆகவே குதிரை மந்தை நிலைத்த தரையில் புல் குட்டையாகிறது. புழுக்குஞ்சுகளோ பனியீரத்தைப் பற்றிக்கொண்டு புல்லில் ஏறுவன. அவற்றுள் பெரும்பங்கு தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள்ளேயே தங்கும். உயர்ந்த புல்லின் நுனியை மேயும் பிராணி சில குஞ்சுகளை விழுங்கும். குட்டைப் புல்லை அடியோடு கறிக்க நேர்ந்த பிராணி பலவற்றை விழுங்கும். வெளிமானும் மாடும் இவ்வாறு விழுங்குவது குதிரையின் புழுவை அன்று. தத்தம் இனத்துப் புழுவையே. குதிரை செய்வதெல்லாம் அவற்றின் வாயைத் தரைக்கு அருகே கொண்டுவந்து விடுவதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டென்பதை மறைப்பது நியாயமாகாது. மாட்டின் புழுக்குஞ்சைக் குதிரை விழுங்கினால் அதுவும் அழிகிறது. மேனாட்டுப் பண்ணையாளர் ஒரே தரையில் மாட்டையும் குதிரையையும் மாறிமாறி மேயவிடுவது இதனாலேயே. ஆனால் அங்கே புல்லின் உயரத்தைப் பார்த்து மந்தையை மாற்றுவதற்கு எசமானன் இருக்கிறான். கோடியக்கரையில் குதிரைக்கு எசமானன் இல்லை. சீமைக்கருவேல் படர்ந்து புற்றரை சுருங்கச் சுருங்க, எஞ்சிய புல்லின்மேல் எல்லா வாய்களும் ஒன்றுகூடுகின்றன. இந்நிலையில் நன்மையைவிடத் தீமையே மிகுமென்று கொள்ளலாம்.

வெளிமான் மெய்யாய் அஞ்சவேண்டிய புழு கிராமத்து மாட்டிலும் ஆட்டிலுமே உள்ளது. மானும் மாடும் ஆடும் அசைபோடும் இனங்களாதலால் அவற்றின் புழுக்கள் பல பொதுவானவை. அவற்றுள் தலையாயது ஹீமாங்கஸ். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கியதுபோல் தோன்றும் இப்புழு நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடவல்லது. 5,000 புழுக்கள் சேர்ந்தால் ஓர் ஆடு நாளொன்றுக்குக் கால் லிட்டர் இரத்தம் வரையில் இழக்கும். தாடையின் கீழ் நீர்கோத்து வீங்கும், கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். 1932-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பிரதேசத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்ட இந்திய வெளிமான்களின் வயிற்றிலும் இப்புழு காணப்பட்டது. வெளிமான் இங்கே வந்தேறிய விலங்கால் துன்புறுகிறது. அங்கே தானே வந்தேறிய விலங்காய் நிற்கிறது. இரண்டிடத்திலும் அதைத் தொடர்வது இதே புழு.

இத்தாலூகாக்களின் மாடு உலகறிந்த உம்பளச்சேரி இனம். கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறங்கொள்ளும். காளைக்குக் கொம்பு தீய்க்கும் வழக்கத்தால் மொட்டைமாடு என்றும் பெயர் பெற்றது. சேற்றில் உழுவதற்கு இதற்கு இணையில்லை. 1968-ல் திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் அரசாங்கப் பண்ணை ஒன்று இவ்வினத்தைக் காக்கவே ஏற்பட்டது. சம்பாப் பயிர் வயலில் நிற்கும் மாதங்களில் மாட்டுக்கு மேய்ச்சல் அரிதாகையால், மந்தைகள் கடலோரத் தரிசையும் காட்டோரத்தையும் நாடுகின்றன. அம்மாதங்களே வடகிழக்குப் பருவமழை பெய்து புழு பெருகும் மாதங்களும் ஆகும். அப்பொழுது புல்லில் ஏறிய குஞ்சு ஐந்தாறு வாரம் உயிரோடிருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் அவை பெரும்பாலும் காய்ந்து மடிகின்றன.

ஈரல் தட்டைப்புழுவின் கதை வேறு. அதற்கு நன்னீர் நத்தை இன்றியமையாதது. உப்புச் சதுப்பில் அந்நத்தை பிழையாது. ஆகவே கடலோரத்தைவிட வாய்க்காலும் குட்டையும் வயலும் சூழ்ந்த உள்நாட்டுக் கிராமமே அபாயமுள்ள இடம். காட்டோரம் மேய்ந்து வரும் மாட்டின் ஈரலில் இப்புழுவைக் கண்டால், அது காட்டில் பற்றியதென்று எண்ணுவதைவிட வீட்டு வாய்க்காலில் பற்றியதென்று எண்ணுவதே பொருத்தம். நீரில் நின்ற வைக்கோலின் அடித்தாளில் இதன் வித்துகள் ஒட்டியிருக்கும்; நன்றாய் வெயிலில் உலர்த்தியபின் போடுவது நலம். குறட்டை நோய் என்னும் மூக்கடைப்பை உண்டாக்கும் இரத்தத் தட்டைப்புழுவும் நத்தை வழியே வருவதுதான். அதனை 1930-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில் கண்டு விவரித்தவர் சென்னை கால்நடை வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஆனந்த நாராயண ராவ். இதற்கு இனமான மற்றொரு புழுவின் குஞ்சுகள் நடவு செய்வோர் காலில் தைத்து அரிப்புண்டாக்குவதைக் குடியானவர்கள் நன்கறிவர்.

ஆக, மட்டக்குதிரைகளை அகற்றுவதா, பெருகாமல் தடுப்பதா என்பது வனத்துறை தீர்க்கவேண்டிய விஷயம். மாட்டின் வயிற்றிலுள்ள புழு மாட்டுக்காரர் கையிலுள்ள விஷயம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 33-ஏ என்னும் பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடுவிக்க ஏற்பாடு செய்கிறது; தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேயவிடுவது குற்றம். தடுப்பூசிக்கு மாடுகளை ஓரிடத்தில் சேர்க்கும் நாளிலேயே சாணப் பரிசோதனையையும் புழுமருந்தையும் சேர்த்துவிட்டால், மாடுகளை மறுபடி திரட்டும் வேலை மிச்சமாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் கால்நடை வைத்தியருடன் கலந்து இந்நாளைக் குறித்தல் தகும். மழைக்கு முன்னே ஒருமுறையும், மழை ஓய்ந்து மாடுகள் அறுவடைத் தாளுக்குத் திரும்பும் தையில் ஒருமுறையும் மருந்து கொடுப்பது இப்பக்கத்துப் பருவத்துக்கு ஒத்தது. காட்டோரத்துக்கு ஓட்டும் மாட்டுக்கு, ஓட்டுவதற்குச் சில நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். அவ்வாறாயின் மான் மேயும் தரையில் மாட்டின் புழுமுட்டை குறைவாய் விழும்.

மருந்தை அடிக்கடி கொடுத்தால் புழு அடியோடு அழியும் என்று சிலர் நினைப்பது பிழை. ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்ததன் பயனாக, அதற்கு அஞ்சாத ஹீமாங்கஸ் புழு தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் தோன்றிவிட்டது. எடையை மதிப்பிடாமல் குறைந்த அளவு ஊற்றுவதும் இக்கேட்டையே வளர்க்கும். ஐவர்மெக்டின் போன்ற சில மருந்துகள் சாணத்தோடு வெளிப்பட்டு, சாணத்தை உருட்டி மண்ணுள் புதைக்கும் வண்டுகளையும் கொல்லும். அவ்வண்டுகளோ காசு வாங்காமல் புழுமுட்டையைப் புதைத்துத் தரும் வேலைக்காரர்கள். ஆகையால் பரிசோதித்து, வேண்டிய மாட்டுக்கு வேண்டிய மருந்தை மட்டும் கொடுப்பதே முறை. கொட்டிலிற் சேரும் சாணத்தைக் குட்டைக் கரையில் கொட்டாமல் குழியிலிட்டு மூடினால், உள்ளே எழும் சூட்டில் முட்டைகள் வெந்துபோகின்றன. வயலுக்கு நல்ல எருவும் கிட்டும்.

கன்றுகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு தொற்றுவதால், பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முதல் மருந்தைக் கொடுத்தல் வேண்டும். பரிசோதனைக்குச் சாணம் எடுக்கும்போது தரையில் கிடப்பதை எடுக்கலாகாது. மண்ணிலுள்ள வேறு புழுக்கள் கலந்துவிடும். மாடு சாணமிடும்பொழுதே நெல்லிக்காயளவு ஏந்தி, சிறு டப்பியில் நிறைய அடைத்து இறுக மூடி, மாட்டின் அடையாளத்தையும் தேதியையும் மேலே எழுதி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ப்பிக்க வேண்டும். ஒருநாள் வெப்பத்தில் கிடந்தால் முட்டைகள் டப்பிக்குள்ளேயே பொரிந்துபோம். பின்பு எண்ணிக்கை சரியாய் வராது.